ஹார்ட் பூட் வாங்கப் போகிறீர்களா? முதலில் லைனரைக் கழற்றுங்கள்

பனிச்சரிவில் ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஆல்பைன் ஸ்னோபோர்டுக்கான என் முதல் ஹார்ட் பூட்டை, அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் ஓடுள்ள பூட்டை, காலில் போட்டதும் அவ்வளவு சுகமாக இருந்தது. விரல்கள் தாராளமாக அசைந்தன, எங்கேயும் கடிக்கவில்லை, எழுந்து நாலு எட்டு நடந்து பார்த்துவிட்டு, சரி, சரியான அளவுதான் வாங்கியிருக்கிறோம் என்று திருப்திப்பட்டுக்கொண்டேன். அந்தச் சுகமே கோளாறு என்பது பனியில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது திருப்பத்திலேயே உள்ளே குதிகால் மேலே எழும்பியது. நான் சாய்ந்தேன், பூட்டும் சாய்ந்தது, போர்டு மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு அப்புறம் சாய்ந்தது. பக்கிளை ஒரு பல் இறுக்கினேன், அது போதாமல் இன்னொரு பல். மதியத்துக்குள் கால் விரல்கள் மரத்துவிட்டன, குதிகால் மட்டும் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. வழக்கமாகப் போடும் ஷூ நம்பரைச் சொல்லி வாங்கிய பூட் அது. பிறகு அளந்து பார்த்தால் என் காலுக்கு ஒன்றரை அளவு பெரிது.

ஆல்பைன் ஸ்னோபோர்டுக்குப் புதிதாக வருகிற பலரும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹார்ட் பூட்டில் லைனரை (உள்ளே இருக்கும் மெத்தென்ற உறை) மாற்றலாம், இன்சோலை (பாதத்துக்கு அடியில் போடும் தகடு) மாற்றலாம், சாய்வை மாற்றலாம், ஸ்பிரிங் போடலாம், பக்கிளைக்கூட இடம் மாற்றலாம். வெளியே இருக்கும் பிளாஸ்டிக் ஓடு பெரிதாகிப் போனால் மட்டும் அதைச் சின்னதாக்க ஒரு வழியும் இல்லை. ஆகவே நாம் வாங்குவது உண்மையில் இந்த ஓடுதான், மற்றதெல்லாம் அதற்குள் வருகிற சாமான்.

இந்த விளையாட்டே புதிதாக இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வழக்கமான ஸ்னோபோர்டில் மெத்தென்ற பூட்டைப் போட்டுக்கொண்டு, போர்டுக்குக் குறுக்காக நிற்போம். பூட்டைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங்கின் பட்டைகள் பாதத்தைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் உயர்ந்து நிற்கும் முதுகுப் பலகை கெண்டைக்காலைத் தாங்கும். ஆல்பைன் போர்டு ஒடுக்கமானது, பந்தயப் போர்டுகளின் இடுப்பு, அதாவது நடுவே ஒடுங்கிய இடத்தின் அகலம், 18 முதல் 20 செ.மீ. சுற்றளவில்தான் இருக்கும். அதில் குறுக்காக நின்றால் பாதம் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொள்ளும், அதனால் இரண்டு பாதங்களையும் முன்பக்கமாக 50, 60 டிகிரிக்கு மேலேகூடத் திருப்பி வைத்து நிற்பார்கள். நோக்கம் கார்விங். போர்டைச் சறுக்கித் தேய்க்காமல், அதன் உலோக விளிம்பைப் பனிக்குள் கத்திபோல இறக்கி, அந்த விளிம்பு வெட்டிய கோட்டிலேயே ஓடுவது. நன்றாகக் கார்வ் செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பனியில் பென்சிலால் கீறியதுபோல ஒரே ஒரு மெல்லிய கோடு தெரியும். ஒலிம்பிக்கில் பாரலல் ஜயன்ட் ஸ்லாலம் என்று 2002இலிருந்து நடக்கிறதே, இருவர் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் கொடிகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்குவது, அதில் எல்லோர் காலிலும் இருப்பது இந்தப் பூட்தான். 2018இல் எஸ்தர் லெடெட்ஸ்கா ஒரே ஒலிம்பிக்கில் ஸ்கீ பனிச்சறுக்கின் சூப்பர் ஜி ஓட்டத்திலும் ஸ்னோபோர்டின் இந்தப் போட்டியிலும் தங்கம் வாங்கினார், அதுவும் ஒரு வார இடைவெளியில்! இரண்டு வகைப் பூட்டும் அந்தக் கால்களுக்கு எப்படிப் பழகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

பூட் ஏன் இவ்வளவு முக்கியம்? ஆல்பைன் பைண்டிங்கை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் புரிந்துவிடும். ஒரு தட்டு, முன்னால் ஒரு தடித்த கம்பி வளையம், பின்னால் இன்னொன்று, அவ்வளவுதான். பட்டையும் கிடையாது, முதுகுப் பலகையும் கிடையாது. கம்பிகள் பூட்டின் முன்நுனியையும் குதியையும் கவ்விக்கொள்ளும், காலைப் பிடிப்பது, தாங்குவது, நீங்கள் சாய்ந்ததைப் போர்டுக்குச் சொல்வது எல்லாம் பூட்டின் வேலை. உடல் செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்து ஒரு வளைவில் ஓடும்போது கால் தாங்குவது உடல் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நேரத்தில் உள்ளே குதிகால் அரை செ.மீ. எழும்பினால்கூடப் போர்டுக்குச் செய்தி தாமதமாகத்தான் போகும்.

இனி அளவு. ஹார்ட் பூட்டுக்கு மாண்டோ என்கிற அளவு முறை. பாதத்தின் நீளம் செ.மீ.யில் எவ்வளவோ அதுதான் பூட்டின் நம்பர், பாதம் 26.5 செ.மீ. என்றால் மாண்டோ 26.5, மிகவும் நேரடியான முறை. அப்படியிருந்தும் ஆட்கள் ஷூ நம்பரை மாற்று அட்டவணையில் தேடி ஏமாறுகிறார்கள், நானும் அப்படித்தான் ஏமாந்தேன். சாதாரண ஷூவை எல்லோரும் கொஞ்சம் இடம்விட்டுத்தான் வாங்குகிறோம், அந்த இடத்தையும் சேர்த்து அட்டவணை மாண்டோவாக மாற்றிக் கொடுத்துவிடுகிறது. அட்டவணையை மூடிவைத்துவிட்டு ஒரு தாளைத் தரையில் போடுங்கள். சுவரில் குதிகாலை ஒட்டி, முழு எடையும் அந்தக் காலில் இறங்கும்படி நின்று, நீண்ட விரலின் நுனியில் கோடு போட்டு அளக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு அளந்தால் சில மில்லிமீட்டர் குறைவாக வரும், ஏனென்றால் எடை இறங்கும்போதுதான் பாதம் விரிகிறது. சாயங்காலம் அளப்பது நல்லது, நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். இரண்டு காலையும் அளக்கவும், ஒன்று பெரிதாக இருப்பது சகஜம். பாதத்தின் மிக அகலமான இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பூட்டில் அரை அளவு என்று ஒன்று எழுதியிருந்தாலும் ஓடு பெரும்பாலும் முழு அளவுக்கு ஒன்றுதான். 26, 26.5 என்று இரண்டு பெட்டி இருந்தால் உள்ளே ஓடு ஒன்றே, லைனரோ இன்சோலோ மட்டும் வேறு. எந்த இரண்டு நம்பர்கள் ஒரே ஓட்டைப் பகிர்கின்றன என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓட்டின் பக்கவாட்டிலோ குதியருகிலோ 298, 305, 312 என்கிற மாதிரி ஒரு மூன்றிலக்க எண் பொறித்திருப்பார்கள். அது பாதத்தின் நீளம் இல்லை, அடிப்பாகத்தின் வெளி நீளம், மில்லிமீட்டரில். அந்த எண்ணுக்கு அப்புறம் வருகிறேன்.

தலைப்பில் சொன்ன வேலை இப்போது. பூட் கைக்கு வந்ததும் லைனரை வெளியே உருவி எடுங்கள். உள்ளே இன்சோல் தனியாக இருந்தால் அதையும். வெறும் ஓட்டுக்குள், வெறுங்காலோடோ மெல்லிய சாக்ஸோடோ காலை விட்டு, விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொடும்வரை பாதத்தை முன்னால் தள்ளி நில்லுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிகாலுக்கும் ஓட்டின் பின்சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு டார்ச்சும் இன்னொருவர் கண்ணும் இருந்தால் சுலபம், தனியாக இருந்தால் விரலை விட்டுப் பார்க்கலாம், ஆனால் அவரவர் விரல் தடிமன் வேறு. ஒரு செ.மீ. தடிமனில் ஒரு குச்சியும் இரண்டு செ.மீ. தடிமனில் ஒரு குச்சியும் எடுத்துக்கொண்டு எது நுழைகிறது என்று பார்ப்பது இன்னும் நம்பகமானது. ஒரு செ.மீ.யும் இல்லை என்றால் அது பந்தயக்காரர்கள் விரும்பும் இறுக்கம். ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள் இருந்தால் நாள் முழுக்க ஓட்டுகிற சாதாரண மனிதருக்குப் பொருத்தம். இரண்டரை தாண்டினால் அந்தப் பூட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுங்கள், எவ்வளவு நல்ல விலைக்குக் கிடைத்தாலும் சரி. ‘தடிமனான சாக்ஸ் போட்டால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொல்வார்கள். ஆகாது. சாக்ஸ் கசங்கும், நழுவும், வியர்வையைப் பிடித்து வைத்துக் காலைக் குளிரவைக்கும். ஹார்ட் பூட்டுக்கு மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று.

நீளம் தேறியதும் ஓட்டின் நடுவே பாதத்தை வைத்துப் பக்கவாட்டையும் பாருங்கள். சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு முட்டுகிறதா, உள்கணுக்கால் எலும்பு பிளாஸ்டிக்கில் உரசுகிறதா? ஓர் இடத்தில் மட்டும் முட்டினால் பயப்பட வேண்டாம், பூட் பொருத்துகிற ஆட்கள் அந்த இடத்தைச் சூடாக்கி வெளிப்பக்கமாகத் தள்ளியோ உள்ளே சுரண்டியோ சில மில்லிமீட்டர் இடம் உண்டாக்கித் தருவார்கள். ஓடு இறுக்கமாக இருந்தால் அதை அங்கங்கே பெரிதாக்க முடியும் என்பதால்தான், இரண்டு அளவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் சின்னதை எடு என்று பழையவர்கள் சொல்வது.

ஓடு சரி என்று முடிவானால் லைனரைத் திரும்பப் போட்டு, பூட்டை மாட்டி, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்காரவைத்துவிட்டுப் பக்கிள்களைப் போடுங்கள். முதலில் கணுக்காலுக்கு எதிரே இருப்பது, அதுதான் குதிகாலைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. அப்புறம் மேலே உள்ளவை, கடைசியில் விரல்பக்கம் இருப்பவை. விரல்பக்கத்துப் பக்கிள் சும்மா மூடிக்கொண்டால் போதும், அங்கே பலத்தைக் காட்டி ஒரு பயனும் இல்லை. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் பாதம் பின்வாங்கி விரல் விடுபட வேண்டும். புது லைனரில் கொஞ்சம் நெரிசலாகத்தான் இருக்கும், பயன்படுத்தப் பயன்படுத்த நுரை அமுங்கி இடம் வரும். கடைசிப் பல்வரைக்கும் பக்கிளை இழுத்தால்தான் பிடிக்கிறது என்றால் ஓடு உங்களுக்குப் பெரிது என்று அர்த்தம். புறங்காலின் மேலே ஒரு ரத்தக்குழாயும் நரம்புகளும் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன, அங்கே இறுக்கினால் விரல்கள் மரக்கும், குளிரும். என் முதல் நாளில் நடந்தது அதுதான். அரை மணி நேரம் போட்டுக்கொண்டு வீட்டிலேயே நின்று, சாய்ந்து, உட்கார்ந்து பாருங்கள். மொத்தமாக ஓர் அணைப்பு இருக்கலாம், ஊசி குத்துவதுபோல ஒரு புள்ளியில் வலி இருக்கக் கூடாது.

இப்போது அந்த மூன்றிலக்க எண்ணுக்கு வருவோம். அடிநீளம் 310 என்றால் பூட்டின் அடிப்பாகம் 31 செ.மீ. அதை போர்டில் 60 டிகிரிக்குத் திருப்பி வைத்தால் நடுக்கோட்டுக் கணக்கில் போர்டின் குறுக்கே அது பிடிக்கிற இடம் 15.5 செ.மீ., அதே பூட்டை 45 டிகிரியில் வைத்தால் கிட்டத்தட்ட 22 செ.மீ. இதோடு பூட்டின் அகலமும் சேரும். ஆக, 20 செ.மீ. இடுப்புள்ள போர்டில் 45 டிகிரிக்கு நின்றால் முன்நுனியும் குதியும் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கும். நன்றாகச் சாய்ந்து ஓடும்போது அந்தத் தொங்கல் பனியைத் தொடும், தொட்ட நொடியில் விளிம்பு பனியிலிருந்து கழன்றுகொள்ளும். எந்த முன்னறிவிப்பும் இருக்காது, காலுக்குக் கீழிருந்து தரையை யாரோ உருவிவிட்ட மாதிரி இருக்கும். இதைப் பூட் அவுட் என்பார்கள். அடி குட்டையாக இருக்க இருக்க இந்தத் தொல்லை குறைவு, அதனால் ஸ்னோபோர்டு ஹார்ட் பூட் செய்கிறவர்கள் அடியை முடிந்தவரை குறுக்கி, குதியின் பின்பகுதியை உள்ளே வெட்டிவிட்டது போலச் செய்கிறார்கள். பெரிய பாதக்காரர்கள் ஒரே மாண்டோவில் இரண்டு பூட்களை ஒப்பிடும்போது இந்த எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சின்னப் பாதம் என்றால் இதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

எவ்வளவு கடினமான பூட் வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஹார்ட் என்று பெயர் இருப்பதால் எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கால் மடங்க வேண்டும். பூட் கணுக்காலை மடங்கவே விடாவிட்டால் உடம்பு வேறு எங்காவது மடங்கித்தானே ஆகும், அது இடுப்பில் மடங்கும். சரிவில் ஒருவர் பின்புறத்தைப் பின்னால் நீட்டிக்கொண்டு, நெஞ்சைப் போர்டின்மேல் கவிழ்த்து, விளிம்பு தடதடவென்று குதிக்க இறங்கி வந்தால், அவர் பூட் அவர் எடைக்கு அதிகக் கடினம் என்று நீங்கள் பந்தயம் கட்டலாம். எடை குறைந்தவர், புதியவர், மெதுவாக ஓட்டுபவர் எல்லோரும் மிருதுவான பக்கம் போவது நல்லது. எண்பது, தொண்ணூறு கிலோ எடையும் வேகமும் இருந்தால் கடினமான பக்கம். 90, 110, 130 என்று பூட்களில் விறைப்பைக் காட்டப் போடும் ஃப்ளெக்ஸ் எண்ணுக்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது, ஒருவருடைய 110 இன்னொருவருடைய 90 ஆக இருக்கலாம். வீட்டுக்குள் கதகதப்பில் பூட்டை மடக்கிப் பார்த்துவிட்டு ‘அட, நன்றாக வளைகிறதே’ என்று ஏமாறவும் வேண்டாம், இந்த பிளாஸ்டிக் குளிரில் இறுகும். காலையில் வெளியே வைத்த பூட்டுக்குள் காலை நுழைக்கப் போராடியவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

கடினத்தை ஓரளவு பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்பது ஆறுதல். பூட்டின் பின்னால் ஒரு நெம்புகோல் இருக்கும், அதில் சில படிகள். ஒன்று நடப்பதற்கு, மற்றவை மேல்பகுதியை எவ்வளவு முன்னால் சாய்த்துப் பூட்டுவது என்பதற்கு. முன்காலுக்குச் சாய்வு குறைவாகவும் பின்காலுக்கு அதிகமாகவும் வைப்பதுதான் பெரும்பாலோர் வழக்கம், பின்முழங்கால் முன்னோக்கி மடங்கி நிற்பதால். இடது பூட்டும் வலது பூட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இங்கே இல்லை. நெம்புகோல் சாய்வை ஒரே இடத்தில் பூட்டிவிடுகிறது, அதற்குப் பதிலாக ஸ்பிரிங் அமைப்பு ஒன்றைப் போட்டால் மேல்பகுதி முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்த்துக்கொண்டே நகரும். குண்டும் குழியுமான பனியில் அந்த வித்தியாசம் முழங்காலுக்குத் தெரியும். ஆனால் முதல் பூட்டிலேயே அது வேண்டும் என்று அலைய வேண்டாம், பிறகு போட்டுக்கொள்ள இடம் இருக்கிற மாதிரியா என்று மட்டும் கேட்டு வையுங்கள். கால் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வளைந்தவர்களுக்காகக் கணுக்கால் அருகே மேல்பகுதியைப் பக்கவாட்டில் சரிக்கும் திருகு ஒன்று சில பூட்களில் இருக்கும், தேவைப்பட்டால் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

குதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணக் குதி என்றால் குனிந்து கம்பி வளையத்தைக் குதியில் மாட்டி, முன்னால் இருக்கும் நெம்பைத் தூக்கி மூட வேண்டும். இன்டெக் என்கிற குதியில் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த ஊசிகள் இருக்கும், முன்நுனியை நுழைத்துக் குதியை மிதித்தால் க்ளிக் என்று மாட்டிக்கொள்ளும், கழற்றுவதற்குக் கெண்டைக்காலோரம் மேலே வரும் ஒரு கேபிளின் பிடியை இழுக்க வேண்டும். வசதிதான், நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன், ஆனால் குதியில் பனி அடைத்திருந்தால் ஒரு பக்க ஊசி மட்டும் மாட்டி மற்றது மாட்டாமல் போகலாம், ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் குனிந்து பார்ப்பது என் பழக்கம். இந்தக் குதி வேண்டும் என்றால் அதை ஏற்கும் பூட்டாகவும் அதற்கான பைண்டிங்காகவும் பார்த்து வாங்க வேண்டும்.

‘என்னிடம் ஸ்கீ பூட் இருக்கிறதே, அதுவே போதாதா?’ கம்பி வளையப் பைண்டிங்கில் அது மாட்டும், இந்த விளையாட்டு ஒத்துவருமா என்று சில நாள் ஓட்டிப் பார்க்கத் தாராளமாகப் போதும். ஆனால் அதன் அடி நீளமானது, பக்கவாட்டில் விறைப்பும் அதிகம், ஸ்னோபோர்டில் முழங்கால்கள் உள்ளும் வெளியும் அசைய வேண்டியிருக்கும்போது அது விடாது, இன்டெக் குதியும் போட முடியாது. பிடித்துப்போனால் மாறிவிடுவீர்கள்.

இன்று இந்தப் பூட்டைச் செய்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டீலக்ஸ், யு.பி.இசட்., மவுண்டன் ஸ்லோப் ஆகியவைதான் அடிக்கடி காதில் விழும் பெயர்கள். ஒவ்வொன்றின் ஓடும் வெவ்வேறு பாதத்துக்கு, ஒன்று அகலத்துக்கு ஒத்துவரும், இன்னொன்று ஒல்லிக் குதிகாலுக்கு. உள்ளே குதி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதும் வேறுபடும், குதி ரொம்ப உயர்ந்த பூட்டில் முன்காலுக்கு பைண்டிங்கில் விரல்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டிவரும். அதனால் ‘எது சிறந்த பூட்?’ என்று கேட்டால் ஆளாளுக்கு அவரவர் பாதத்தைத்தான் பதிலாகச் சொல்வார்கள்.

பழைய பூட் சந்தையில் ராய்ச்லே, ஹெட் என்று இன்னும் சில பெயர்கள் வரும். அங்கே ஒரே எச்சரிக்கை, பிளாஸ்டிக்கின் வயது. பூட்டை யாரும் போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் பிளாஸ்டிக் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டுதான் இருக்கும், புதிதுபோலப் பளபளக்கும் பத்துப் பதினைந்து வருடத்துப் பூட் குளிரில் ஒரு நாள் சடாரென்று பிளந்துவிடலாம், அதுவும் எடை முழுக்க அதன்மேல் இருக்கும்போது. திருகு, ஆணி இறங்கும் இடங்களைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா, முன்நுனியில் கம்பி உட்காரும் படி தேய்ந்து வட்டமாகிவிட்டதா, இன்டெக் கேபிள் இழை பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த வருடத்தது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் நான் வாங்க மாட்டேன். லைனர் நைந்திருந்தால் மட்டும் கவலையே இல்லை, அது எப்படியும் மாற்றுகிற பொருள்.

பெரும்பாலான கடைகளில் இந்தப் பூட் இருக்காது, தபாலில்தான் வரும். அதனால் வந்த பெட்டியை வீட்டுக்குள் விரிப்பின்மேல் வைத்தே திறந்து, அடி அழுக்காகாமல் ஓட்டுப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். கூட வருகிற லைனர் சூட்டில் வார்த்துப் பாதத்துக்கு ஏற்ப அமைத்துக்கொள்கிற வகையாக இருந்தால் அதை உடனே சூடாக்கக் கொடுக்காதீர்கள். ஒருமுறை உங்கள் பாத வடிவத்தில் வார்த்துவிட்ட லைனரோடு பூட்டை எந்தக் கடையும் திரும்ப வாங்கிக்கொள்ளாது. ஓடு சரி என்று குச்சி சொன்ன பிறகு, இன்சோல் எது என்று முடிவான பிறகு, பூட் பொருத்துகிறவரிடம் எடுத்துப் போய், விரல்களுக்கு மேலே அவர் மாட்டுகிற சின்னத் தொப்பியோடு காலை உள்ளே விட்டு, லைனர் ஆறும்வரை அசையாமல் நின்றுவிட்டு வாருங்கள்.